சின்னச் சொல்லுக்கும் மரியாதை

'வேறொருவருக்காக மருந்துக்கடையில் மருந்து வாங்கலாமா?' என்று ஒருவர் ஆங்கிலத்தில் அரைகுறையாகத் தட்டுகிறார். முன்பு கூகுள் 'மருந்து', 'கடை' இரண்டையும் பிடித்துக்கொண்டு, சீட்டைக் காட்டி மருந்து வாங்குவது எப்படி என்று பொதுவாகச் சொல்லிவிடும். கேள்வியின் உயிரான 'வேறொருவருக்காக' நழுவிவிடும்.

2019 அக்டோபரில் கூகுள் தேடலுக்குள் பெர்ட் (BERT) என்ற மொழி மாதிரி வந்தது. ஒரு சொல்லை, முன்னும் பின்னும் நிற்கும் சொற்களோடு சேர்த்தே அது படிக்கும். அதைப் பழக்கிய விதம்தான் அழகு: வாக்கியத்தில் சில சொற்களை மறைத்துவிட்டு, மிச்சத்தை வைத்து ஊகிக்கச் சொன்னார்கள். பள்ளிக்கூடத்துக் 'கோடிட்ட இடத்தை நிரப்புக'வேதான்! இப்படிப் பழகப் பழக, ஒவ்வொரு சொல்லும் எண்களின் வரிசையாகிறது. பொருளில் நெருங்கிய சொற்கள் அருகருகே வந்து உட்காருகின்றன. அதனால் 'முட்டி வலி' என்று தேடுபவருக்கு, 'முழங்கால் வலி' என்று மட்டுமே எழுதிய பக்கமும் கிடைக்க வாய்ப்புண்டு.

பெரிய சொற்களை யாரும் கவனிப்பார்கள். 'காக', 'இருந்து' போன்ற பொடிசுகளையும் மதிப்பதில்தான் இந்த வேலைப்பாட்டின் நயம். இணையப் பக்கங்களை எழுதுகிறவர்களுக்கும் இதில் நிம்மதி: ஒரே சொல்லைப் பக்கமெங்கும் திணிக்க வேண்டாம், சொல்ல வந்ததைத் தெளிவாகச் சொன்னால் போதும்.