சூதும் துணிவும்: வள்ளுவர் வகுத்த எல்லை

"வாணிகமும் ஒரு சூதாட்டமே" என்று கூறுவாரை நாம் பலகால் கேட்டிருக்கின்றோம். மைந்தன் கடை தொடங்க விழைகிறான் என்றால், தந்தையின் சேமநிதியும் பணிக்கொடையும் நினைவில் எழ, வீட்டார் முதலில் உரைப்பது இதுவே. மாதச் சம்பளத்தை நம்பிப் பிறமாநிலத்தில் குடியேறிய நம்மனோர்க்கு இவ்வச்சம் இயல்பு. ஆயினும், இக்கூற்று வள்ளுவர்க்கு உடன்பாடா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

சூதைப் பற்றிய 94ஆம் அதிகாரம் அறத்துப்பாலில் இல்லை. பொருட்பாலில், கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் இடையே அமைந்துள்ளது. இவ்வைப்புமுறை நோக்கத்தக்கது. சூது பழிச்செயல் மட்டுமன்று. பொருட்கணக்கும் பிழைத்த செயல் என்பது இதனால் விளங்கும். வென்ற பொருளை மீன் விழுங்கிய தூண்டில் முள்ளுக்கு ஒப்பிடுகிறார் அவர். ஒன்றைப் பெற்று நூறை இழப்பதே சூதர் வாழ்வு என்றும் கணக்கிட்டுக் காட்டுகிறார்.

இக்கணக்கைப் பரிசுச்சீட்டில் பொருத்திப் பார்ப்போம். தமிழகத்தில் 1968இல் அரசே தொடங்கிய பரிசுச்சீட்டு, இடையில் நின்றும் தொடர்ந்தும் வந்து, 2003இல் தடைசெய்யப்பட்டது; கர்நாடகத்தில் 2007இல் தடை வந்தது. பணம் வைத்தாடும் இணைய விளையாட்டுகளுக்கு எதிராக 2025இல் நாடாளுமன்றமும் சட்டம் இயற்றியது. ஒரு ரூபாய்ச் சீட்டுகள் பத்து இலட்சம், பரிசுத்தொகை அனைத்தும் சேர்ந்து ஐந்து இலட்சம் எனக் கொள்வோம். ஒருவரே எல்லாச் சீட்டுகளையும் வாங்கினால் எல்லாப் பரிசும் அவர்க்கே. எனினும் ஐந்து இலட்சம் இழப்பது உறுதி. ஒரு சீட்டின் சராசரி மதிப்பு ஐம்பது காசே. அறிவாலோ உழைப்பாலோ அதனை ஒரு காசும் உயர்த்த இயலாது.

வாணிகம் அத்தகையதன்று. நாம் வாழும் பகுதியின் பெயரிலேயே மண்டி உண்டு. மண்டியில் சரக்கெடுக்கும் சிறுகடைக்காரர்க்கும் நாளை என்பது உறுதியன்று; விலை சரியலாம், தக்காளி அழுகலாம். ஆயின் அவர் சரக்கைத் தொட்டுப் பார்த்து வாங்குகிறார். ஐயம் எழுந்தால் குறைவாக எடுக்கிறார். பொழுது சாயும்போது விலையைத் தணித்து விற்கிறார். அறிவுக்கு அங்கே இடமுண்டு. அவ்விடத்தை அளப்பதே 47ஆம் அதிகாரமாகிய தெரிந்துசெயல்வகை. அழிவது எவ்வளவு, ஆவது எவ்வளவு, ஆனபின் தொடர்ந்து வரும் ஊதியம் எவ்வளவு என மூன்றையும் எண்ணுக என்கிறார் வள்ளுவர். தேர்ந்த சுற்றத்தோடு கலந்தெண்ணுக என்றும், வரப்போகும் ஆதாயத்தை நம்பிக் கையிலுள்ள முதலை இழப்பது அறிவுடையார் செயலன்று என்றும் வரையறுக்கிறார்.

அங்ஙனமாயின், அரியதென்று தளராதே, முயன்றால் ஊழையும் புறங்காணலாம் என 62ஆம் அதிகாரம் முழங்குவது முரணன்றோ? அன்று. முன்னது அடியெடுத்து வைக்குமுன் கொள்ளும் அறிவு. பின்னது அடியெடுத்தபின் கொள்ளும் ஊக்கம். எண்ணியபின் துணிக என்பதே இவ்விரண்டையும் இணைக்கும் பாலம். சூதாடுவோன் இவ்வரிசையை மாற்றிவிடுகிறான். இழக்குந்தோறும் அவன் ஆசை வளர்வதை, துன்புறுந்தோறும் உயிர் உடலின்மேற் காதல் கொள்வதற்கு வள்ளுவர் ஒப்பிடுவது உளநூலார் வியக்கத்தக்கது. நாட்டையும் தம்பியரையும் தன்னையும் இழந்தபின் பாஞ்சாலியையும் வைத்தாடிய தருமன் இதற்குச் சான்று.

எண்ணித் துணிந்தவனும் தோற்பதுண்டு. பிறந்த ஊரை விட்டு வந்த நம்மிடையே, மூடிய கடை ஒன்று குடும்பத்துக்கே தலைகுனிவாகிறது; ஊரார் விழாவுக்கும் வர நாணி ஒதுங்குவாரை நாம் அறிவோம். அவர்க்கு வள்ளுவர் தரும் தீர்ப்பு வேறு. நல்லூழ் வாயாமை யார்க்கும் பழியன்று. அறியவேண்டுவன அறிந்து முயலாமையே பழி. ஆதலின், மைந்தன் கடை தொடங்க விழையும் இல்லத்தில், வாணிகம் சூது என்று வாயடைப்பதை விடுத்து, முதல் எவ்வளவு, எவ்வளவு இழந்தால் நிறுத்துவாய் என வினவி, உடனமர்ந்து எண்ணுவதே முறை. எண்ணியும் இழந்தவனைச் சூதாடியோடு ஒருசேர எண்ணாமை, குறள் கற்ற நம் கடன்.