குரோஸ்பியின் இரும்பு மனிதர்கள்

லிவர்பூலுக்கு வடக்கே குரோஸ்பி கடற்கரையில் சிற்பி ஆண்டனி கோர்ம்லி நிறுத்திய 100 இரும்பு மனிதர்களும் கடலையே பார்த்து நிற்கிறார்கள். லட்சக்கணக்கானோர் அமெரிக்காவுக்குக் கப்பலேறிய துறைமுகத்தின் வாசல் அது. ஆனால் புலம்பெயர்வைச் சொல்லும் பெட்டி, படகு, கையசைப்பு எதுவும் இங்கே இல்லை. சிலைகளே பயணிகள்தாம்: 1997-இல் ஜெர்மனியில் தொடங்கி, நார்வே, பெல்ஜியம் சுற்றி, 2005-இல் இங்கு வந்தவை. எல்லாம் சிற்பியின் சொந்த உடலில் எடுத்த வார்ப்புகள். புலம்பெயர்ந்தோர் அத்தனை பேருக்கும் ஓர் உடல் எப்படிப் பொருந்தும்? நியாயமான கேள்விதான். ஆனால் எல்லாம் ஒரே சாயலில் இருப்பதால்தான் கடலின் கைவேலை தெரிகிறது: மேட்டில் நிற்பவர் வெறுமனே துருவேறியிருக்க, அலைக்கருகே நிற்பவர் பாசியும் கொட்டலசும் மூடி ஆளே மாறிவிட்டார். ஆபத்து, அகற்றுங்கள் என்றவர்களும் உண்டு; ஓதமும் சேறும் அங்கே விளையாட்டல்ல. அதற்குப் பார்வையாளரைத்தான் எச்சரிக்க வேண்டும். சிலைகளை அகற்றாமல் மேட்டுக்கு நகர்த்தினால்கூடக் கடல் தொடாது, நூறு பேரும் ஒரே ஆளாகிவிடுவார்கள்.