மத்தவிலாசமும் காஞ்சியின் சமயச் சிரிப்பும்

மத்தவிலாசப் பிரகசனம், பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய ஓரங்க நகைச்சுவை நாடகம். மொழி சமஸ்கிருதமும் பிராகிருதமும். கதை நடக்கும் இடம் காஞ்சிபுரத்தின் தெரு. கடவுளையும் சமயத்தையும் பற்றிக் காஞ்சியில் எழுந்த நூல்கள் பெரும்பாலும் தலபுராணங்கள், துதிகள், தத்துவ வாதங்கள். அவற்றின் நடுவே சிரிப்பதற்கென்றே எழுதப்பட்ட இந்தச் சிறு நாடகம் தனியாக நிற்கிறது. பள்ளிப் பாடநூலைப் பொறுத்தவரை, ‘மத்தவிலாசப் பிரகசனத்தை இயற்றியவர் யார்?’ என்ற ஒரு மதிப்பெண் வினாவோடு இதன் வாழ்வு முடிந்துவிடுகிறது. விடை எழுதிய மாணவர்களில் நாடகத்தின் கதை தெரிந்தவர்கள் மிகச் சிலரே.

கதை

சத்தியசோமன் என்ற காபாலிகனும் அவன் துணைவி தேவசோமையும் குடித்துவிட்டுத் தள்ளாடியபடி காஞ்சித் தெருவில் வருகிறார்கள். கள்ளுக்கடையைப் பார்த்ததும் அது வேள்விச்சாலையாகவே அவன் கண்ணுக்குத் தெரிகிறது. கடையின் கம்பம் யூபத்தூண், கள் சோமரசம், குடிகாரர்கள் வேள்வி செய்யும் புரோகிதர்கள். கள்ளை வாங்கப் பாத்திரத்தைத் தேடும்போதுதான், பிச்சைப் பாத்திரமான மண்டையோடு காணவில்லை என்பது தெரிகிறது. அதில் வறுத்த இறைச்சி இருந்தது. எடுத்தது நாயாக இருக்கலாம், இல்லையென்றால் பௌத்தத் துறவியாக இருக்கலாம் என்று காபாலிகன் முடிவு கட்டுகிறான்.

அந்த நேரம் பார்த்து நாகசேனன் என்ற பௌத்த பிக்கு வருகிறான். வணிகர் வீட்டில் மீனும் இறைச்சியுமாக வயிறார உண்டுவிட்டு விகாரைக்குத் திரும்பும் வழி. நல்ல படுக்கை, நல்ல உணவு, நல்ல உடை எல்லாவற்றையும் அனுமதித்த புத்தர் மதுவையும் மங்கையரையும் மட்டும் ஏன் விலக்கியிருப்பார் என்று அவனுக்கு ஒரு சந்தேகம். பொறாமை பிடித்த கிழத்துறவிகள் மூலநூலிலிருந்து அந்தப் பகுதியை நீக்கியிருக்க வேண்டும். சிதையாத பிடகம் எங்காவது கிடைத்தால் சங்கத்துக்குப் பெரும் உபகாரம் செய்யலாம் என்று எண்ணிக்கொண்டே நடக்கிறான்.

ஆடைக்குள் மறைத்து வைத்திருந்த பிச்சைப் பாத்திரத்தால் அவன் மாட்டிக்கொள்கிறான். வாக்குவாதம் கைகலப்பாகிறது. அவன் தலைமயிரைப் பிடித்து இழுக்கப் பாய்ந்த தேவசோமை, மழித்த தலையில் பிடி கிடைக்காமல் கீழே விழுகிறாள். தலையை மழிக்கச் சொன்ன புத்தரின் தொலைநோக்கைப் பிக்கு மெச்சிக்கொள்கிறான். பஞ்சாயத்துக்கு வரும் பாசுபதன் பப்ருகல்பனுக்கோ தேவசோமை மேல் ஒரு கண். கடைசியில் ஒரு பித்தன் வந்து, நாயிடமிருந்து பறித்த மண்டையோட்டைக் காட்டுகிறான். பாத்திரம் உரியவன் கைக்குத் திரும்புகிறது. பகை தீர்ந்து எல்லோரும் பிரிகிறார்கள்.

சாத்திரம் தெரிந்தவரின் சிரிப்பு

மேலோட்டமாகப் பார்த்தால் இது குடிகாரச் சாமியார்களின் சண்டை. நாடகத்தின் நல்ல நகைச்சுவைகள் அந்த அளவில் நிற்பவை அல்ல. பிக்கு காட்டும் பாத்திரம் கறுப்பாக இருக்கிறது, காணாமல் போனதோ வெள்ளை மண்டையோடு. காபாலிகன் இதற்கெல்லாம் அசரவில்லை. கண்ணெதிரே நிற்கும் மண்ணையும் மலையையும் கடலையும் இல்லையென்று மறைத்துக் காட்டியவரின் வழிவந்தவனுக்கு ஒரு சின்ன ஓட்டை மறைக்கவா தெரியாது என்று கேட்கிறான். உலகத் தோற்றம் உண்மையன்று என்னும் பௌத்தக் கொள்கை இங்கே திருட்டு வழக்கில் சாட்சியாகிறது. இந்த இடத்தில் சிரிக்க, அந்தக் கொள்கை இன்னதென்று கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும்.

சமணர் மேடைக்கு வராவிட்டாலும் அவர்களுக்கும் ஒரு குத்து உண்டு. காரணத்தைப் போலவே காரியமும் இருக்கும் என்பவர்கள், உடலை வருத்தும் துன்பத்திலிருந்து வீடுபேறு என்னும் இன்பம் பிறக்கும் என்று எப்படிச் சொல்லலாம் என்பது காபாலிகனின் கேள்வி. கேட்பவன் போதையில் இருக்கிறான். கேள்வி தெளிவாக இருக்கிறது. ஒரு தர்க்கசாலையில் ஆசிரியரே கேட்டிருக்கக்கூடிய கேள்வி இது. சமயத்தைப் பற்றிய நகைச்சுவை எழுதுவோர் பலர் வேடத்தையும் உடையையும் கேலி செய்வதோடு நின்றுவிடுவார்கள். மகேந்திரவர்மன் எதிராளியின் நூலுக்குள் போய்விட்டு வந்து சிரிக்கிறான். நாடகம் 1400 ஆண்டுகளுக்குப் பிறகும் உயிரோடு இருப்பதற்கு இதுவே முதற்காரணம்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. நாகசேனன் நிரபராதி. அவன் மனத்தில் ஆசை இருக்கிறது. காபாலிகன் கள்ளை நீட்டும்போது நாவூறுகிறது. பலர் பார்த்துவிடுவார்களே என்ற கவலைதான் தடுக்கிறது. ஆனால் அவன் திருடவில்லை. பிற சமயத்தான் என்பதற்காகவே திருடன் என்று முடிவு கட்டியவன் காபாலிகன். அந்த முடிவு பொய் என்று நாடகமே காட்டிவிடுகிறது. சைவனான அரசன் ஒருவன் பௌத்தனை மேடையேற்றி, அவனைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரிக்க வைத்துவிட்டு, குற்றத்திலிருந்து விடுவித்து அனுப்புகிறான். தமிழ் வாசகர்களுக்கு மகேந்திரவர்மன் பெரும்பாலும் அறிமுகமானது, 1944 முதல் தொடராக வந்த கல்கியின் ‘சிவகாமியின் சபதம்’ நாவல் வழியாக. அங்கே வரும் பிக்கு நாகநந்தி ஒற்றன், சூழ்ச்சிக்காரன். கதை விறுவிறுப்புக்கு அது உதவுகிறது என்பது உண்மை. ஆனால் பிக்குவை நடத்திய விதத்தில், 20ஆம் நூற்றாண்டு நாவலாசிரியரைவிட 7ஆம் நூற்றாண்டு அரசன் தாராளமாக இருந்திருக்கிறான்.

யாரைச் சிரிக்கவில்லை?

இந்த நாடகத்தை மத நல்லிணக்க நூல் என்று புகழ்வோர் உண்டு. சமயங்களையே எதிர்த்த நூல் என்று கொண்டாடுவோரும் உண்டு. இரண்டும் பொருந்தவில்லை. நாடகத்தின் தொடக்கத் துதி, காபாலி வடிவில் உள்ள சிவனைத்தான் வாழ்த்துகிறது. காபாலியைக் கும்பிட்டுவிட்டுக் காபாலிகனைச் சிரிப்பது முரண்பாடாகத் தோன்றலாம். ஆசிரியருக்கு அப்படித் தோன்றவில்லை. சிரிப்பு கடவுளைத் தொடாமல், கடவுள் பெயரால் பிச்சையெடுப்பவன் மேல் விழுகிறது. மண்டகப்பட்டில் செங்கல், மரம், உலோகம், சுதை இல்லாமல் பிரமன், சிவன், திருமால் மூவருக்கும் குடைவரை எடுத்ததாகக் கல்வெட்டில் பொறித்தவனும் இதே அரசன்தான்.

வேதியர் எவரும் மேடைக்கு வரவில்லை. கள்ளுக்கடை உவமையில் வேள்வி வந்துவிடுகிறது, ஆனால் குடிகாரன் வாய்மொழியாக வருவதால் அதற்கு அரசன் பொறுப்பேற்க வேண்டியதில்லை. கோயில் அர்ச்சகரோ மடாதிபதியோ இல்லை. அடி வாங்குபவர்கள் மூவரும் தெருவில் திரியும் பிச்சைத் துறவிகள். சிம்மாசனத்தில் இருந்துகொண்டு தெருவில் நிற்பவர்களைக் கேலி செய்வது எளிதுதானே என்று கேட்டால், அதற்கு நாடகத்துக்குள்ளேயே பாதி விடை இருக்கிறது. மகேந்திரவர்மனுக்குச் சில ஆண்டுகள் கழித்துக் காஞ்சிக்கு வந்த சீனப் பயணி யுவான் சுவாங், அங்கே சுமார் 100 விகாரைகளும் 10,000 பிக்குகளும் இருந்ததாக எழுதினார். தேவர் கோயில்கள் சுமார் 80 என்றார். அந்த ஊரில் பௌத்த சங்கம் ஏழையல்ல. வழக்கை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம் என்று பேச்சு வரும்போது தேவசோமை சொல்லும் பதில் இதைத்தான் காட்டுகிறது. பல விகாரைகளின் வருமானம் உள்ளவன் அதிகாரிகளின் வாயைப் பணத்தால் அடைத்துவிடுவான். திருநீறும் பாம்புத் தோலும் மட்டுமே சொத்தாக உள்ளவர்கள் அங்கே போய் என்ன செய்வது என்கிறாள் அவள். தன் நீதிமன்றத்தில் லஞ்சம் புழங்குகிறது என்று அரசனே எழுதி அரங்கேற்றிய வரி இது. நாடகத்தின் மிகத் துணிச்சலான இடம் இதுதான். சமய நகைச்சுவையைப் பற்றிய பேச்சில் இது பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது.

வாதம் செய்த நூல்கள்

சிரிக்காமல் இதே பொருளைப் பேசிய நூல்களும் காஞ்சியைச் சுற்றி உண்டு. மணிமேகலைக் காப்பியத்தின் நாயகி வஞ்சி நகரில் பல சமயக் கணக்கரின் கொள்கைகளைக் கேட்டுவிட்டுக் காஞ்சிக்கு வந்துதான் அறவண அடிகளிடம் பௌத்த அறம் கேட்கிறாள். கண்ணால் கண்டதைத் தவிர வேறெதையும் ஏற்காத பூதவாதியிடம், உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிந்தாய் என்று அவள் கேட்கும் இடம், மத்தவிலாசத்தில் வைத்தாலும் பொருந்தும் கூர்மை உடையது. காஞ்சியின் தூப்புலில் பிறந்த வேதாந்த தேசிகரின் பரமதபங்கம் மாற்றுக் கொள்கைகளை வரிசையாக நிறுத்தி மறுக்கிறது. அருணந்தி சிவாசாரியாரின் சிவஞானசித்தியார் பரபக்கமும் அவ்வகையே. இந்நூல்களில் எதிராளிக்கு ஒரு மரியாதை கிடைக்கிறது. அவன் கொள்கை முதலில் முழுதாகச் சொல்லப்படுகிறது. கிடைக்காமல் போவது அவன் பசி, அவன் சபலம், அவன் நடந்து போகும் தெரு. பிக்குவின் கொள்கையை அறியப் பரபக்கத்தைப் படிக்கலாம். பிக்கு என்னும் மனிதனைக் காண மத்தவிலாசத்துக்குத்தான் வர வேண்டும்.

பின்னாளில்

பக்தி வளர்ந்த பிறகு கேலி கடவுளிடமே நேரடியாகப் போனது. காஞ்சி வரதராசப் பெருமாளின் கருடசேவையைக் கண்ட காளமேகப் புலவர், பெருமாள் சும்மா வீட்டில் இருக்காததால் பருந்து தூக்கிக்கொண்டு போகிறது என்னும் பொருளில் பாடிய நிந்தாத்துதி ஊரறிந்தது. திட்டுவதுபோல் தொழுவது அது. உரிமை உள்ளவன்தான் அப்படித் திட்ட முடியும்.

20ஆம் நூற்றாண்டில் அந்த உரிமை வேறு கைக்கு மாறியது. 1909இல் காஞ்சிபுரத்தில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த சி.என். அண்ணாதுரையின் ‘நீதிதேவன் மயக்கம்’ நாடகத்தில், இரக்கமில்லாதவன் என்று கம்பர் சாட்டிய குற்றத்தை எதிர்த்து இராவணன் தானே வழக்காடுகிறான். முனிவர்களும் தேவர்களும் இரக்கமின்றி நடந்த கதைகளை அவன் அடுக்க அடுக்க, நீதிதேவன் மயங்கி விழுகிறார். காஞ்சிக்கு மீண்டும் ஒரு நீதிமன்ற நாடகம். வாதத்தின் வேகம் பெரிது. மேடையில் அது பெற்ற கைதட்டலுக்குக் காரணமும் உண்டு. ஆனால் இதில் கம்பருக்குச் சொல்லத் தகுந்த மறுமொழி ஏறக்குறைய எதுவும் தரப்படவில்லை. மத்தவிலாசத்தில் அடி வாங்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு நல்ல வரியாவது கிடைக்கிறது. இங்கே ஒரு தரப்புக்கு மட்டுமே கிடைக்கிறது. பிரசார நாடகத்துக்கு அது தேவையாக இருந்திருக்கலாம், இலக்கியத்துக்கு அது குறை. அதே காலத்தில், 1943இல் வெளிவந்த புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையில் சென்னைத் தெருவுக்கு வந்து சேரும் கடவுளுக்கும், அவரிடமே பத்திரிகைச் சந்தா கேட்கும் பிள்ளைக்கும் சமமாகவே பேச்சு வாய்க்கிறது. மத்தவிலாசத்துக்கு நெருங்கிய உறவு இந்தக் கதைதான், இரண்டுக்கும் இடையே 1300 ஆண்டுகள் இருந்தாலும்.

நாடகம் பிழைத்த வழி

காஞ்சிக்குத் தெற்கே மாமண்டூர்க் குடைவரையில் உள்ள சிதைந்த கல்வெட்டில் மத்தவிலாசத்தின் பெயர் இருக்கிறது. நூலின் சுவடி கிடைத்ததோ கேரளத்தில். த. கணபதி சாஸ்திரி அதை 1917இல் திருவனந்தபுரம் சமஸ்கிருத நூல் வரிசையில் பதிப்பித்தார். மயிலை சீனி. வேங்கடசாமி தமிழில் மொழிபெயர்த்தார். கேரளக் கோயில்களில் சாக்கியார்கள் இதைக் கூத்தாக நடித்துப் போற்றி வந்திருக்கிறார்கள். அங்கே இது வேடிக்கைக்காக நடிக்கப்படுவதில்லை, சிவன் முன்னிலையில் செலுத்தும் நேர்த்திக்கடனாகவே நடிக்கப்படுகிறது. கள் குடித்து ஆடும் காபாலிகன் அங்கே வழிபாட்டுக்கு உரியவனாகிவிட்டான்.