வெட்டுப்புள்ளி எதை அளக்கிறது?

ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சையின் பெறுபேறு வெளியாகும் நாளில் நமது பாடசாலைகளிலே இருவகை முகங்களைக் காணலாம். மாலை சூட்டப்பெற்றுப் படம் பிடிக்கப்படுவன ஒருவகை. பின்வாங்கிலே குனிந்திருப்பன மறுவகை. சில ஆண்டுகளுக்கு முன், வெட்டுப்புள்ளிக்கு ஒரு புள்ளி குறைந்த மாணவியொருத்தி ஆறாந் தரத்திலே என் தமிழ் வகுப்புக்கு வந்து சேர்ந்தாள். முதற் கிழமையிலேயே, யாரும் கேளாமல், "நான் ஸ்கொலசிப் பெயில், சேர்" என்றாள். பதினொரு வயதுப் பிள்ளை தனக்குத் தானே வழங்கிக்கொண்ட இத்தீர்ப்பு உண்மைதானா என்பதே இங்கு ஆராயப்பட வேண்டியது.

இரு வினாத்தாள்களுக்குமாக மொத்தம் 200 புள்ளிகள். பெறுபேறுகளில் இரண்டு கோடுகள் பேசப்படுகின்றன. ஒன்று 70 புள்ளி. பரீட்சார்த்திகளிற் பெரும்பான்மையோர் இதனைக் கடந்துவிடுகின்றனர். மற்றையது, அதற்கு மிக மேலே நிற்கும் வெட்டுப்புள்ளி. முதலாவது கோடு பிள்ளை கற்றதைப் பற்றி ஓரளவேனும் ஏதோ சொல்கிறது. இரண்டாவது எவ்வாறு பிறக்கிறது? உதவிப்பணத்துக்கான வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கும் மொழிமூலத்துக்கும் ஏற்ப வகுக்கப்படுகிறது. பாடசாலை அனுமதிக்கான வெட்டுப்புள்ளியோ வேறு. பிரபல பாடசாலைகள் பலவற்றில் ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகள் அங்கேயே ஆறாந் தரத்துக்கு ஏறிவிடுகின்றனர். எஞ்சிய வெற்றிடங்களுக்கே வெளியிலிருந்து விண்ணப்பிப்போர் போட்டியிடுகின்றனர். அவர்களைப் புள்ளி வரிசையில் நிறுத்தி, மேலிருந்து எண்ணி வருகையில் கடைசிக் கதிரையிலே அமரும் பிள்ளையின் புள்ளி யாதோ, அதுவே வெட்டுப்புள்ளி. ஆகவே இது அறிவின் எல்லையன்று, கதிரைகளின் தொகை.

இக்கூற்றுக்கு அண்மைக்காலச் சான்றொன்றுண்டு. 2024 செப்டெம்பரில் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் தோற்றிய பரீட்சையில் மூன்று வினாக்கள் முன்கூட்டியே வெளியாகிவிட்டன. அவ்வினாக்களுக்குரிய முழுப் புள்ளிகளையும் அனைவருக்கும் வழங்குவதென்று அவ்வாண்டு டிசெம்பர் 31இல் உயர் நீதிமன்றிலே தீர்வு காணப்பட்டது. பிள்ளைகளை மீண்டும் பரீட்சை மண்டபத்துக்கு இழுக்காத தீர்வு அது. ஆயினும் அவ்வாறு கூட்டப்பட்ட புள்ளிகள் எந்தப் பாடசாலையிலும் ஒரு கதிரையைத்தானும் கூட்டவில்லை. எல்லோருடைய புள்ளியும் உயர்கையில் வெட்டுப்புள்ளியும் உயர்ந்தே தீரும். வெளியே நிற்போரின் தொகை குறையாது.

இது நமது நாட்டுக்கு மட்டுமுரிய வியாதியன்று. இங்கிலாந்திலும் வேல்சிலும் 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் பின் பதினொரு வயதுப் பரீட்சை நாடெங்கும் வழக்காயிற்று. ஓரிடத்திற் 'சித்தியடைந்த' பிள்ளை இன்னோரிடத்தில் அதே திறமையுடன் வெளியே நிற்க நேர்ந்தது. தெரிவுப் பாடசாலைகளின் இடங்கள் பகுதிக்குப் பகுதி பெரிதும் வேறுபட்டமையே காரணம். பேர்மிங்ஹாம் நகரிலே ஆண்டுதோறும் ஆண் பிள்ளைகளுக்குச் சுமார் 540 இடங்களும் பெண் பிள்ளைகளுக்குச் சுமார் 360 இடங்களும் இருந்தன. ஆதலாற் பெண் பிள்ளைகள் கூடுதலான புள்ளி பெறவேண்டியிருந்தது. இது பால் வேற்றுமை காட்டும் சட்டவிரோதச் செயல் என 1989இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. அச்சிறுமியரிடம் அறிவு குறைந்திருக்கவில்லை; அவர்களுக்கென்று கட்டப்பட்ட வகுப்பறைகளே குறைந்திருந்தன.

இலவசக் கல்வியைக் கொணர்ந்த கன்னங்கராவின் காலத்திலே புலமைப்பரிசில், நகருக்கு வெளியே நிறுவப்பட்ட மத்திய பாடசாலைகளை நோக்கிக் கிராமத்து ஏழைப் பிள்ளையை அழைத்துச் சென்ற பாதையாயிருந்தது. இன்றோ அது நகரத்துப் பிரபல பாடசாலைகளின் வாயிலிலே நிறுத்தப்பட்ட வடிகட்டியாகிவிட்டது. மாலையும் விடுமுறையும் தனியார் வகுப்புக்கு அனுப்ப வல்ல குடும்பமும், தேயிலைக் கொழுந்து பறித்துக் கூலிக்குக் காத்திருக்கும் குடும்பமும் ஒரே வரிசையிலே எண்ணப்படுகின்றன. 'பரிசில்' என்ற சொல் நமது பண்டை இலக்கியத்திலே பெருமை வாய்ந்தது. வரிசையறிந்து வழங்குதலே, அதாவது பெறுவோனின் தகுதியை உணர்ந்து கொடுத்தலே, புரவலனின் அறமாகப் போற்றப்பட்டது. கதிரையை எண்ணி நிறுத்தும் வெட்டுப்புள்ளி எவருடைய வரிசையையும் அறிவதில்லை.

"இடங்கள் குறைவெனின் எவ்வாறேனும் தெரிவு செய்யத்தானே வேண்டும்?" எனச் சிலர் வினவுவர். நியாயமான வினாவே. ஆயின் இடமின்மை காரணமாக வெளியே நிறுத்தப்பட்ட பிள்ளைக்குத் தோல்வி என்னும் பெயரை ஏன் சூட்டவேண்டும்? பரீட்சையை ஒழித்தாற் போதுமென்பாரும் உளர். நல்ல பாடசாலை சிலவாகவும் வசதியற்றவை பலவாகவும் இருக்கும்வரை, வினாத்தாள் நின்ற வாயிலிலே பணமும் செல்வாக்கும் வந்து நிற்கும். வாயில்காப்போனை மாற்றுவதனால் வீடு பெரிதாகிவிடாது. வீட்டருகேயுள்ள பாடசாலைக்கு விஞ்ஞான ஆசிரியரும், நூலகமும், ஆய்வுகூடமும், நல்ல கட்டடமும் கிடைக்கும்போதுதான் வெட்டுப்புள்ளி தன் வலிமையை இழக்கும். நமது கோரிக்கை அங்கிருந்தே தொடங்கவேண்டும்.

அதுவரை ஆசிரியராகிய நமக்கும் ஒரு கடமையுண்டு. பாராட்டு விழா மேடையிலே மாலை போடும் கைகள் நம்முடையவையே. 'பெயில்' என்ற சொல்லை அப்பிள்ளைக்குக் கற்பித்த வாய்களுள் நம் வாயும் ஒன்று. அம்மாணவியிடம் அன்று, "உன்னில் ஒரு குறையுமில்லை, பிள்ளை. அங்கே கதிரை முடிந்துபோயிற்று" என்றேன். அவள் நம்பினாளோ அறியேன். ஆயின் அதனை அவளிடம் மட்டும் சொன்னது போதாது. பெறுபேறு வெளியாகுமுன்னரே பெற்றோர் கூட்டத்தில் எல்லோரும் கேட்கச் சொல்லியிருக்க வேண்டும்.