காலும் குண்டும்: எந்த ஆட்டத்தில் வேகம் அதிகம்?

சங்கரன்கோவில் ரத வீதிகளில் சாயங்காலம் நாலு பையன்கள் செல்போனோடு உட்கார்ந்தால் போதும், ஃப்ரீ ஃபயர் மேக்ஸா, பிஜிஎம்ஐயா என்ற சண்டை தொடங்கிவிடும். “ஏல, கெல்லிய எடுத்துப் பாரு, பறப்பா” என்பான் ஒருவன். ஓட்டத்துக்கென்றே ஃப்ரீ ஃபயரில் இருக்கும் கதாபாத்திரம் கெல்லி. அவள் எவ்வளவு வேகமாக ஓடுகிறாள் என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. எதிரே வரும் குண்டு எவ்வளவு வேகம் என்று யாரும் கேட்பதில்லை. அதைக் கேட்காமல் எந்த ஆட்டத்தின் குணமும் பிடிபடாது என்பது என் கட்சி.

1999-இல் வந்த குவேக் 3-இல் ஆள் ஓடுவது வினாடிக்கு 320 யூனிட். ராக்கெட் பறப்பது 900 யூனிட். குண்டு ஆளைவிட மூன்று மடங்குகூட வேகமில்லை. பார்த்து ஒதுங்க நேரமிருக்கிறது. 2007-இல் வந்த டீம் ஃபோர்ட்ரஸ் 2-இல் இது இன்னும் தெளிவு. அதன் கதாபாத்திரங்களில் ஸ்கவுட் 400 யூனிட், ஹெவி 230; ராக்கெட் 1,100. ராக்கெட் ஒரு வினாடியில் வந்து சேரும் தூரத்தில் இருவரும் நின்றால், அதற்குள் ஸ்கவுட் 400 யூனிட் விலகிவிடுவான், ஹெவி அதில் பாதியைச் சற்றுத் தாண்டியிருப்பான். துப்பாக்கியைச் சுழலவிட்டுக்கொண்டு நடந்தால் ஹெவிக்கு மிஞ்சுவது 110 யூனிட்தான். அந்தப் பெரிய உடம்புக்குக் கூடுதல் உயிர் கொடுத்திருப்பது அதனால்தான்.

இந்த யூனிட்டையெல்லாம் மீட்டராக்கி, எல்லா ஆட்டத்தையும் ஒரே பட்டியலில் அடுக்குகிறவர்கள் உண்டு. ஆட்டத்துக்கு ஆட்டம் அளவுகோல் வேறு. ஓர் ஆட்டத்துக்குள்ளேயே விகிதம் பார்ப்பதுதான் நியாயம்.

கவுண்டர் ஸ்ட்ரைக்கில் கணக்கு தலைகீழ். விசையை அழுத்திய கணமே குண்டு போய்ச் சேர்ந்துவிடும். ஓடித் தப்ப வழியே இல்லை. கத்தியோடு 250 யூனிட் ஓடுகிறவன் ஏகே-47 பிடித்தால் 215, ஏடபிள்யூபி பிடித்தால் 200. வேலரன்ட்டில் கத்தியோடு வினாடிக்கு 6.75 மீட்டர், வேண்டல் பிடித்தால் 5.4. ஏடபிள்யூபியும் வேண்டலும் வாங்குகிற வரி ஒன்றேதான், ஐந்தில் ஒரு பங்கு. ஓடிக்கொண்டே சுட்டால் குண்டு சிதறும் என்பதால், இரண்டிலும் நல்ல ஆட்டக்காரரை அடையாளம் காட்டுவது அவர் எவ்வளவு சீக்கிரம் நிற்கிறார் என்பதே. கவுண்டர் ஸ்ட்ரைக்கில் இடப்பக்கம் ஓடும்போது வலப்பக்க விசையை ஒரு தட்டுத் தட்டினால் கால் சட்டென்று நின்றுவிடும். அதற்குப் பெயர் கவுண்டர் ஸ்ட்ராஃப். போட்டி ஒளிபரப்புகளில் இதை யாரும் நிதானமாகக் காட்டுவதில்லை என்பது எனக்குப் பெரிய குறை.

நம் ஊர்க்காரர்களின் ஆட்டத்துக்கு வருவோம். பிஜிஎம்ஐயின் மூலமான பப்ஜியில் துப்பாக்கியை முதுகில் போட்டு ஓடினால் வினாடிக்கு 6.3 மீட்டர். நூறு மீட்டருக்கு ஏறக்குறைய 16 வினாடி. உசேன் போல்ட் 2009-இல் எடுத்துக்கொண்டது 9.58. எரங்கல் வரைபடம் எட்டுக்கு எட்டு கிலோமீட்டர் என்பதால், ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஓடியே போக 21 நிமிடம் ஆகும். எனர்ஜி டிரிங்க், பெயின்கில்லர் எடுத்துக்கொண்டு எனர்ஜி பட்டையை முழுதாக நிரப்பினால் வேகம் சுமார் ஆறு சதவீதம் கூடும். ஐந்நூறு மீட்டர் ஓட்டத்தில் அது மிச்சப்படுத்துவது ஐந்து வினாடிக்கும் குறைவு. சுருங்கிவரும் ஸோன் முதுகைச் சுடும்போது அது உயிர் காக்கும், மற்ற நேரம் பெரிதாக ஒன்றுமில்லை.

இங்கே குண்டுக்கும் பயண நேரம் உண்டு. ஏகேஎம் குண்டு வினாடிக்கு 715 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. முந்நூறு மீட்டரைக் கடக்கக் குறைந்தது 0.42 வினாடி. அதற்குள் குறுக்கே ஓடுகிறவன் இரண்டரை மீட்டர் தாண்டிவிடுகிறான். அவன் தலையில் குறிவைத்தால் அவன் விட்டுப்போன இடத்தில்தான் அடி விழும். தறி வேலை முடிந்து வந்து விளையாடும் ஒரு பையனைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். வலது கட்டைவிரல் ஸ்கோப்பை ஓடுகிறவனுக்கு முன்னால் ஒரு உடல் அகலம் தள்ளி நிறுத்தியது, சுட்டான், தவறியது. அடுத்த முறை இன்னும் தள்ளினான், விழுந்தது. எண்கள் எதுவும் அவனுக்குத் தெரியாது. விரல் கணக்குப் போட்டுவிட்டது.

2022 டிசம்பரில் மத்திய அரசு இ-ஸ்போர்ட்ஸைப் பல்விளையாட்டுப் போட்டிகளின் பிரிவில் சேர்த்தது. விளையாட்டு என்று ஏற்றுக்கொண்டபின் பயிற்சியும் விளையாட்டுக்குரிய முறையில் இருக்க வேண்டும். வேகமான கதாபாத்திரத்தைத் தேடி அலையும் நேரத்தில் டிரெய்னிங் கிரவுண்டுக்குப் போகலாம். அங்கேயும் பெரும்பாலோர் நிற்கும் பலகையைச் சுட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். கூட்டாளி ஒருவனை நூறு, இருநூறு, முந்நூறு மீட்டரில் குறுக்கே ஓடச் சொல்லுங்கள். ஒவ்வொரு தூரத்துக்கும் எவ்வளவு முன்தள்ள வேண்டும் என்பதை ஏகேஎம்மில் தனியாக, எம்416-இல் தனியாக விரலுக்குப் பழக்குங்கள்.