ஓமக்குளத்து விடுதியும் அண்ணாமலைநகர் வளாகமும்

அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உருவானது 1929-இல். அதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 1916-இல், அதே சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கிவிட்டார். ஆரணிப் பக்கத்திலிருந்து வந்த துறவி அவர். சேரிப் பிள்ளைகள் படிக்கப் பள்ளி, தங்கிச் சாப்பிட விடுதி என்று இரண்டையும் ஓமக்குளம் பக்கம் ஒருசேர அமைத்தார். புதிதாக வரும் மாணவனுக்கு ‘இது என் இடம்’ என்ற எண்ணம் எப்படி வருகிறது, ஏன் வராமல் போகிறது என்று ஆராய்பவர்களுக்குச் சில கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கும் இந்த இரு நிறுவனங்களும் நிறையச் சொல்லும்.

சகஜானந்தர் பள்ளியோடு நின்றிருந்தால் பாதி வேலைதான் ஆகியிருக்கும். அந்தக் காலத்துச் சிதம்பரத்தில் சேரியிலிருந்து வந்த பையனுக்கு வாடகைக்கு அறை தர ஆள் கிடையாது. ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிடவும் வழியில்லை. பள்ளியில் சேர்ந்த பிறகும் ராத்திரி எங்கே படுப்பது என்ற கவலையிலேயே படிப்பு நின்றுவிடும். விடுதி அந்தக் கவலையைத் தீர்த்தது. தன் ஊர், தன் சாதி, அப்பா பார்க்கும் வேலை என எதற்கும் அங்கே விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. பந்தியில் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவனும் தன்னைப் போலவே வந்தவன். தனக்கு ஒரு வகுப்பு மேலே படிப்பவன் கண்முன்னே தேறிக் காட்டுகிறான். முதல் தலைமுறையாகப் படிக்க வருபவனுக்கு இந்தக் காட்சி தரும் தைரியத்தை எந்த உரையும் தராது.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் இதே முடிவுக்கு வர அரை நூற்றாண்டு ஆனது. கறுப்பின மாணவர்கள் போராடிக் கேட்ட பிறகு யேல் பல்கலைக்கழகத்தில் 1969-இல் அவர்களுக்கென்று ஒரு பண்பாட்டு மையம் திறந்தார்கள். மாணவர்கள் அதை ‘வீடு’ என்றே அழைத்தார்கள். இன்று அங்கே பண்பாட்டு மையங்கள் பல இருக்கின்றன. அவற்றைப் பற்றிய விவாதமும் ஓயவில்லை. ‘தனி இடம் கொடுப்பது சேர்ப்பதா, பிரிப்பதா?’ என்பதே அங்கும் கேள்வி. ஓமக்குளம் பக்கம் நூறாண்டாக இருந்துவரும் கேள்வி அது.

குறையைச் சொல்லாமல் விட முடியாது. தனி விடுதி ஒன்று இருந்தால், ஊரிலுள்ள மற்ற நிறுவனங்களுக்குப் பொறுப்பு கழன்றுவிடுகிறது. ‘அவங்களுக்குத்தான் அங்க இருக்கே’ என்ற ஒரு வரியில் கதவைச் சாத்திவிடலாம். சகஜானந்தருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். அதனால்தான் விடுதியை நடத்தியதோடு நிற்காமல், சென்னை மாகாண மேலவையிலும் பிறகு 1959-இல் மறையும்வரை சட்டமன்றத்திலும் உறுப்பினராக இருந்து போராடினார். உள்ளே ஒரு வீடு, வெளியே ஒரு சண்டை என இரண்டையும் ஒருவரே நடத்தியதால் அந்த விடுதி வெறும் ஒதுக்குப்புறமாகிவிடவில்லை. பின்னால் வந்த ஆதிதிராவிடர் நல விடுதிகளில் பலவற்றுக்கு வீடு மட்டும் மிஞ்சியது. அதுவும் ஒழுகும் வீடு.

பல்கலைக்கழகத்துக்கு வருவோம். ஆரம்பத்திலிருந்தே உறைவிடப் பல்கலைக்கழகம் என்பது அதன் பெருமை. வெளியூர்க்காரர்களை அது வரவேற்கவே செய்தது. மட்டக்களப்புப் பகுதியின் காரைதீவைச் சேர்ந்த விபுலாநந்த அடிகள் 1931-இல் இங்கே தமிழ்ப் பேராசிரியரானார். மாலை வேளைகளில் பக்கத்துத் திருவேட்களத்துச் சேரிக்குச் சென்று தொண்டு செய்தவர் அவர். 1940-களில் யாழ்ப்பாணத்துத் தனிநாயகம் அடிகள் இங்கே வந்து தமிழ் படித்தார். கடல் தாண்டி வந்த அறிஞருக்குத் திறந்த கதவு, வாய்க்கால் தாண்டி இருந்த சேரிக்கு அவ்வளவு எளிதாகத் திறக்கவில்லை.

உறைவிடத்தில் உறவு தானாக வளரும் என்று நினைப்பதும் பிழை. 1943-இல் கும்பகோணம் அரசுக் கல்லூரி விடுதியில் பிராமணர்களுக்கு ஒரு தண்ணீர்ப் பானை, மற்றவர்களுக்கு ஒரு பானை என்று இருந்ததை எதிர்த்து மாணவர்கள் போராடினார்கள். திராவிட மாணவர் கழகம் பிறந்த கதை அது. ஒரே கூரையின் கீழ் தங்க வைத்தால் போதாது, பானை எங்கே இருக்கிறது என்பதையும் யாராவது பார்க்க வேண்டும்.

பல்கலைக்கழக வளாகமான அண்ணாமலைநகரில் யாரும் பார்க்காமல் விட்டதற்கான விலை 1996 நவம்பரில் தெரிந்தது. ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியின் முதலாண்டு மாணவர் நாவரசு, சீனியர் மாணவரால் கொல்லப்பட்டார். புதியவர்களை வரவேற்கும் வேலையை நிர்வாகம் சீனியர்களிடம் விட்டிருந்தது. அவர்கள் அதற்கு ராகிங் என்று பெயர் வைத்திருந்தார்கள். ‘அடி வாங்கினாத்தான் நெருக்கம் வரும்’ என்று அதற்கு ஒரு தத்துவமும் இருந்தது. அந்தத் தத்துவம் அன்றோடு செத்தது என்று சொல்ல ஆசைதான்.

அடுத்த மாதமே தமிழக அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. 1997-இல் அது ராகிங் தடைச் சட்டமானது. நாவரசு கொலை வழக்கில் உயர் நீதிமன்றம் ரத்து செய்திருந்த தண்டனையை 2011-இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் நிலைநாட்டியது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009 விதிகளின்படி இன்று ஒவ்வொரு மாணவரும் பெற்றோரும் உறுதிமொழிப் பத்திரம் கொடுக்க வேண்டும். அட்மிஷன் அன்று பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும் அந்தத் தாளில், என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே ‘எங்க சார் கையெழுத்து?’ என்று கேட்கும் அம்மாக்களைப் பார்க்கலாம். சட்டம் தேவைதான், அதற்குப் பயந்து ஒதுங்கிய சீனியர்கள் உண்டு, அதனால் தப்பித்த புதியவர்கள் உண்டு. ஆனால் அடிக்கக் கூடாது என்று சொல்வதோடு சட்டத்தின் வேலை முடிகிறது. பக்கத்தில் உட்காரவைத்து ‘சாப்பிட்டியா’ என்று கேட்க அதனால் முடியாது.

அந்த இடைவெளியை நிரப்பத்தான் 2012-இல் மானியக் குழு சமவாய்ப்பு மையங்களையும் பாகுபாட்டைத் தடுக்கும் அலுவலரையும் வைக்கச் சொன்னது. 2019-இல் புதியவர்களுக்கான அறிமுக நிகழ்ச்சிக்கு வழிகாட்டியும் வெளியிட்டது. தாளில் நல்ல ஏற்பாடு. நடைமுறையில், ஏற்கெனவே நான்கு பொறுப்பு சுமக்கும் பேராசிரியருக்கு ஐந்தாவதாக இதுவும் வந்து சேர்வதுண்டு. தனி நிதி இல்லாத, விடுதி காப்பாளரைக் கேள்வி கேட்க அதிகாரம் இல்லாத மையம், கதவில் மாட்டிய பெயர்ப்பலகையோடு சரி. பெயர்ப்பலகைக்கு மதிப்பே இல்லை என்பதல்ல: 2025 ஜூலையில் அரசு விடுதிகளுக்குச் ‘சமூகநீதி விடுதி’ என்று பொதுப்பெயர் வைத்தபோது, முகவரி சொல்லும்போதெல்லாம் சாதியையும் சேர்த்துச் சொல்ல வேண்டிய கூச்சம் சில பிள்ளைகளுக்காவது நீங்கியிருக்கும். ஆனால் குழாயும் கழிப்பறையும் பெயர் மாற்றத்தால் சரியாவதில்லை.

விடுதியே இல்லாதவர்களின் நிலை இன்னும் சிக்கலானது. கடலூர் தேவனாம்பட்டினத்தில் கடற்கரையை ஒட்டி இருக்கிறது பெரியார் அரசு கலைக் கல்லூரி. மீனவக் குப்பங்களிலிருந்தும் சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்தும் டவுன் பஸ்ஸில் வந்து போகிறவர்கள் அங்கே ஏராளம். அரசின் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் உதவித்தொகைத் திட்டங்கள் மாதந்தோறும் தரும் ஆயிரம் ரூபாய் பலருடைய கைச்செலவையும் பரீட்சைக் கட்டணத்தையும் தாங்குகிறது. அது சின்ன விஷயமில்லை. ஆனால் வகுப்பு முடிந்ததும் பஸ்ஸைப் பிடிக்க ஓடும் மாணவிக்கு, மாலை ஐந்து மணிக்கு நடக்கும் மன்றக் கூட்டமும் கலை நிகழ்ச்சியும் வேறு யாருக்கோ நடப்பவை. சமவாய்ப்பு மையம் என்று ஒன்று வைப்பதானால் அதன் வேலை நேரம் வகுப்பு அட்டவணைக்குள் வர வேண்டும். வாரம் ஒரு பீரியட் போதும். அதே பஸ் ரூட்டில் வரும் மூன்றாமாண்டு அக்கா ஒருவரை அந்த முதலாண்டுப் பெண்ணோடு சேர்த்துவிட்டால், ஸ்காலர்ஷிப் படிவத்தில் எந்தக் கட்டத்தை நிரப்ப வேண்டும் என்று கேட்க அவளுக்கு ஆபீஸ் ஜன்னல் முன்னால் அரைநாள் நிற்க வேண்டியிருக்காது.