திருத்தப்பட்ட துயரம்

அமெரிக்கக் கவிஞர் ராபர்ட் லோவலின் ‘தி டால்ஃபின்’ கவிதைத் தொகுப்புக்காக வாதாடுகிறவர்கள் இன்றும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: கவிதையைப் பாருங்கள், வீட்டு வழக்கை இலக்கியத்துக்குள் இழுக்காதீர்கள். 1974இல் கிடைத்த புலிட்சர் பரிசு அந்தப் பதிலுக்கு முத்திரையும் குத்திவிட்டது. வழக்கை இழுத்து வந்தவரே லோவல்தான் என்பது மறந்துபோயிற்று.

கவிதைகள் நல்ல கவிதைகள். 1949 முதல் நீடித்த மணவாழ்வை முறித்துக்கொண்டு, இங்கிலாந்தில் எழுத்தாளர் கரோலைன் பிளாக்வுட்டோடு வாழத் தொடங்கியவரின் பரவசமும் குற்றவுணர்வும் அவற்றில் உண்டு. தன்னையும் லோவல் தப்பவிடவில்லை.

ஆனால் மனைவி எலிசபெத் ஹார்ட்விக் கைவிடப்பட்ட நாட்களில் நியூயார்க்கிலிருந்து எழுதிய கடிதங்களை எடுத்து, வெட்டி, மாற்றி, ஹார்ட்விக்கே பேசுவதுபோல அச்சிட்டார். அனுமதி வாங்கவில்லை. கடிதத்தை உள்ளபடி போட்டிருந்தால் அத்துமீறல் என்று சொல்லி நிறுத்திக்கொள்ளலாம். முழுக்கக் கற்பனை செய்திருந்தால் அது ஒரு பாத்திரம். இரண்டையும் கலந்ததுதான் பெரிய தவறு. வாசகர் அதை ஹார்ட்விக் எழுதியதாகவே நம்புவார். மறுத்துக் காட்ட ஹார்ட்விக்கின் கையில் கடிதங்கள் இல்லை. லோவலின் நெருங்கிய தோழி, கவிஞர் எலிசபெத் பிஷப் 1972இலேயே இதை எழுதி எச்சரித்தார். லோவல் சில வரிகளை மாற்றினார், கவிதைகளின் வரிசையை மாற்றினார், புத்தகத்தை வெளியிட்டார்.

மனைவிக்குத்தான் சிறந்த வரிகளைக் கொடுத்திருக்கிறார் என்கிறார்கள். கொடுத்தாரா? அவை ஹார்ட்விக்கிடமிருந்து எடுத்தவை! ‘நியூயார்க் ரிவ்யூ ஆஃப் புக்ஸ்’ இதழைத் தொடங்கியவர்களில் ஒருவர் அவர்; உரைநடையே அவருடைய தொழில். அந்த உழைப்பு கணவரின் பெயரில் பரிசு பெற்றது. 1957இல் பிறந்த மகள் ஹாரியட்டைக் கேட்டவர் யார்? ‘தி டால்ஃபின்’ வெளியான அதே 1973இல் வந்த லோவலின் இன்னொரு தொகுப்பின் தலைப்பிலேயே தாயின் பெயரும் மகளின் பெயரும் இருக்கின்றன.

பிரிவை எழுதக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஹார்ட்விக்கும் 1979இல் ‘ஸ்லீப்லெஸ் நைட்ஸ்’ நாவலை எழுதினார். கதை சொல்பவளின் பெயர் எலிசபெத். ஆனால் பழிதீர்க்க வாய்ப்பிருந்தும் கணவரை அதில் கூண்டில் ஏற்றவில்லை.

கடிதங்கள் நூலாக வந்தது 2019இல், ஹார்ட்விக் இறந்து 12 ஆண்டுகள் கழித்து. அதுவரை பெரும்பாலான வாசகர்கள் படித்தது லோவல் திருத்திய துயரத்தைத்தான். ‘தி டால்ஃபின்’ தொகுப்பைப் பாடமாக வைக்கும் பேராசிரியர்கள் அந்தக் கடிதங்களையும் கூடவே வைக்க வேண்டும். எந்த வரி யாருடையது என்று மாணவர்கள் ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.